வளைந்து வந்தவர்க்கும் ஆசான் நாற்காலி!

அக்காள்மடம்! பாம்பன் தீவிலே, பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவே, கடலை ஒட்டிக் கிடக்கும் ஊர். அக்காளுக்கு ஒரு மடம், அடுத்தாற்போல் தங்கைக்கு ஒரு மடம் என்று, பெயரிலேயே உறவை வைத்துக்கொண்டிருக்கும் ஊர்கள் இவை. ராமேசுவரம் போவோரும் வருவோரும் வண்டிச் சன்னல் வழியே பெயர்ப்பலகையைப் பார்ப்பர், புன்னகை புரிவர், போய்விடுவர். நாம் சற்று இறங்கி நின்று, அந்தப் பெயரைச் சாட்சியாக வைத்தே ஒரு கேள்வி கேட்க விரும்புகிறோம்.

ஆஸ்பத்திரியிலே ஊசி போட வரும் செவிலியரை நம் மக்கள் எப்படி அழைக்கிறார்கள்? 'அக்கா' என்றுதான். வலை இழுக்கும் தகப்பனுக்கும் பாசி எடுக்கும் தாய்க்கும் பிறந்த பெண், படித்து அந்த 'அக்கா'வாக ஆகலாம் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. அது ஒரு தலைமுறைப் பாடுபட்டுப் பெற்ற வெற்றி. ஆனால் அந்த அக்காள், தன் பின்னே வரும் தங்கைகளுக்குத் தொழில் சொல்லித்தரும் ஆசிரியை ஆகலாமா? செவிலியர் கல்லூரியிலே, கரும்பலகையின் முன்னே, சுண்ணக்கட்டி ஏந்தி நிற்கலாமா? இதுதான் கேள்வி.

"தாராளமாக ஆகட்டுமே, தடுத்தது யார்?" என்பார்கள் மேதாவிகள். சட்டம் தடுக்கவில்லை, உண்மை. தடுப்பது ஒரு நினைப்பு. கல்வி என்றால் நேர்வழி. பள்ளி முடிந்த மறுநாளே கல்லூரி, கல்லூரி முடிந்த மறுநாளே மேற்கல்வி, அது முடிந்ததும் ஆசிரியர் நாற்காலி. இடையிலே பிழைப்புக்காக ஒரு வேலை, குடும்பத்துக்காக ஒரு நிறுத்தம், கடனுக்காக ஒரு காத்திருப்பு என்று வளைந்து வளைந்து வந்தவர், ஏதோ குறையுள்ளவர் என்கிற நினைப்பு. நேரே வந்தவனுக்குத் தகுதி என்று பட்டம். சுற்றி வந்தவனுக்குத் தாமதம் என்று பழி!

நேர்வழிக்காரர்களை ஒரு நாள் பாம்பன் கரைக்கு அழைத்து வரவேண்டும். எதிர்க்காற்றிலே பாய் விரித்த படகு எப்படிக் கரை சேருகிறது என்று காட்டவேண்டும். நேரே போனால் நகராது. இடப்பக்கம் சாய்த்துச் சிறிது தூரம், வலப்பக்கம் திருப்பிச் சிறிது தூரம், மறுபடி இடம், மறுபடி வலம். இப்படித்தான் எதிர்க்காற்றையே கூலியாள் ஆக்கிக்கொண்டு கரை சேருகிறான் மீனவன். அவனைப் பார்த்து, "வழி தெரியாமல் அலைகிறான்" என்று சொல்பவனுக்குக் கடலும் தெரியாது, காற்றும் தெரியாது.

இந்தத் தீவுக்கு நேர்வழி எப்போது வந்தது? ரயில் பாலம் திறந்தது 1914இல். சாலைப் பாலம் திறந்தது 1988இல்! இடைப்பட்ட எழுபத்து நான்கு ஆண்டுகள், ரயிலைப் பிடி, இல்லையேல் படகைப் பிடி. 1964 டிசம்பர்ப் புயல் அந்த ரயில் பாலத்தையும் சிதைத்துப்போட்டது, பிறகு செப்பனிட்டார்கள். பிறப்பிலேயே நேர்வழி வாய்க்காத மக்கள் இவர்கள். இவர்களைப் பார்த்து, "ஏன் சுற்றி வந்தாய்?" என்று கேட்பது என்ன நியாயம்?

சுற்றி வந்தவர் சோடை போகமாட்டார் என்பதற்குச் சான்று வேண்டுமா? எங்கோ தேடவேண்டாம். தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

பாம்பன் ரயில் பாலம் திறந்த அதே 1914ஆம் ஆண்டு, கொல்லிமலையிலே ஒரு வெள்ளைக்காரக் குழந்தை பிறந்தது. பெயர் பால் பிராண்ட். பெற்றோர் கிறித்தவ ஊழியம் செய்ய வந்தவர்கள். ஒன்பது வயதிலே பையனைப் படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பினார்கள். 1929இல் தந்தை கொல்லிமலையிலே காய்ச்சலில் மாண்டார். பையன் டாக்டருக்குப் படித்தானா? இல்லை. மலையிலே சிறுவயதில் கண்ட சீழும் இரத்தமும் அவனுக்கு மருத்துவத்தின் மீதே அருவருப்பை உண்டாக்கியிருந்தன. அவன் போனது கட்டட வேலைக்கு. தச்சு கற்றான், கொத்து வேலை கற்றான். சில ஆண்டுகள் உளியும் கரண்டியும்தான் அவனது ஏடும் எழுத்தாணியும்.

பிறகு, மலைநாட்டுக்குப் பயன்படுமே என்று சில மாதங்கள் மருத்துவத்தின் அரிச்சுவடி கற்கப் போனான். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், செத்துவிட்டாள் என்று எண்ணத்தக்க நிலையில் கிடந்த பெண்ணுக்கு இரத்தம் ஏற்றியதும், கன்னத்திலே நிறம் திரும்புவதைக் கண்டான். திருப்பம் அங்கேதான். லண்டனில் மருத்துவம் படித்து, அறுவை வல்லுநராகி, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். தச்சன், கொத்தன், மருத்துவன், ஆசான். இது நேர்வழியா? நெளிவழி! ஆனால் அந்த நெளிவிலேதான் நாட்டுக்கு நன்மை இருந்தது. எப்படி என்று கேளுங்கள்.

1947இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைப் பார்க்கப் போகிறார் பிராண்ட். விரல்கள் மடங்கி, நகம் உள்ளங்கையைத் தொட, கழுகின் பாதம் போலக் கைகள். ஒரு நோயாளியிடம் தம் கையைக் கொடுத்து, "அழுத்திப் பிடி" என்கிறார். பிடித்தான் பாருங்கள்! டாக்டருக்கு வலியெடுத்தது. செத்துப்போன கை என்று உலகம் ஒதுக்கிய கையிலே உயிர் இருக்கிறது, வலு இருக்கிறது என்று அந்தப் பிடி சொல்லிற்று. எந்தத் தசை செத்தது, எந்தத் தசை பிழைத்தது என்று கண்டறிந்தார். பிழைத்த தசையின் தசைநாணை எடுத்து வேறிடத்திலே பொருத்தினார். மடங்கிய விரலை நிமிர்த்தினார். எந்தக் கம்பியை இழுத்தால் எந்தப் பலகை எழும் என்ற கணக்கு, தச்சுப்பட்டறையிலே பழகிய கைக்குப் புதிதா என்ன?

கதை அதோடு முடியவில்லை. கை நிமிர்ந்தவர்களுக்குப் பிழைப்பு வேண்டுமே! 1950களின் தொடக்கத்தில், வேலூர்க் கல்லூரி வளாகத்திலே குடிசைகள் போட்டு, பட்டறை அமைத்து, அவர்களுக்குத் தச்சுத் தொழிலைத் தாமே கற்பித்தார். அங்கேதான் அந்த உண்மை வெளிப்பட்டது. துருப்பிடித்த பூட்டு ஒன்றைத் திறக்க முடியாமல் பெரியவர் திணறியபோது, நோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி, ஒரே திருகில் திறந்துவிட்டான். விரலைப் பார்த்தால் எலும்பு தெரியும் அளவுக்குக் கிழிந்திருக்கிறது. பையனுக்கோ அது தெரியவே இல்லை! தொழுநோய் விரலைத் தின்பதில்லை; வலி என்ற காவலாளியைக் கொன்றுவிடுகிறது; காவலில்லாத வீட்டிலே சூடும் காயமும் புகுந்து கொள்ளையிடுகின்றன. இரவோடு இரவாகச் சிலர் விரல் குறைந்தது ஏன் என்று விழித்திருந்து பார்த்தார்கள். எலி! உறங்குகிறவன் விரலை எலி கடிக்கிறது, அவன் உணரவில்லை. அதன்பிறகு, குணமாகி வீடு திரும்புவோருக்கு ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்கள்.

தெய்வ சாபம், முன்வினைப் பயன், பாவத்தின் கூலி என்று நூற்றாண்டுக் கணக்கில் சொல்லப்பட்ட ஒன்றை, ஒரு துருப்பிடித்த பூட்டும் ஒரு பூனையும் பொய்யாக்கிவிட்டன. வெறும் ஏட்டை மட்டும் கரைத்துக் குடித்தவராக இருந்தால் பட்டறைப் பக்கம் போயிருப்பாரா? உளி பிடித்த கை என்பதால்தான், உளி பிடிக்கும் கையிலே காயம் எப்படி வருகிறது என்று பார்க்கத் தோன்றிற்று. அவர் வளைந்து நடந்த ஆண்டுகள் வீண் ஆண்டுகள் அல்ல. வேறு எந்தக் கல்லூரியும் தரமுடியாத பாடம் கிடைத்த ஆண்டுகள். அந்தப் பாடத்தை அவர் மாணவர்களுக்குக் கொடுத்தார். 1966இல் அமெரிக்கா சென்றும் கொடுத்தார். உணர்விழந்த காலைக் காக்க அவர் சொன்ன முறைகள், இன்று சர்க்கரை நோயாளிகளின் கால்களையும் காத்து நிற்கின்றன. 2003இல் மறைந்தார்.

அவரிடம் பயின்ற ஒரு பெண்ணின் கதை இன்னும் கடினமான வளைவு. மேரி வர்கீஸ், கொச்சியிலே பிறந்து, வேலூரிலே படித்து டாக்டரானவர், மகளிர் மருத்துவத்திலே தேர வேண்டும் என்று விரும்பியவர். 1954இல் ஒரு கார் விபத்து. முதுகுத்தண்டு முறிந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. டாக்டரே நோயாளி! அதோடு முடிந்தது என்றுதான் நேர்வழிக் கணக்கு சொல்லும். ஆனால் பிராண்ட் சொன்னார்: கை அறுவைக்கு நிற்கவேண்டியதில்லை, உட்கார்ந்தே செய்யலாம் என்று. சக்கர நாற்காலியில் அமர்ந்து, மடங்கிய கைகளை நிமிர்த்தத் தொடங்கினார் அந்த அம்மையார். பின்னர் நியூயார்க் சென்று, உடல் ஊனமுற்றோர் மறுவாழ்வு மருத்துவத்தைப் பயின்று வந்தார். வேலூரில் அத்துறைக்குத் தலைமை ஏற்றார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986இல் மறைந்தார். அந்த அம்மையார் ஏறியது வெறும் ஆசான் நாற்காலி அல்ல, சக்கர நாற்காலியே ஆசான் நாற்காலி! நடக்க முடியாதவனுக்கு வாழக் கற்றுத்தருவது எப்படி என்று, நடக்க முடியாத ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு எவ்வளவு எடை!

இவர்களை அனுப்பிவைத்த மதம் எது என்பதல்ல நமது பேச்சு. தொண்டு எங்கிருந்து வந்தாலும் தலை வணங்குவோம். அதிலிருந்து பாடமும் கற்போம்.

வெளிநாட்டைப் பாருங்கள் என்பார்க்கு வெளிநாட்டிலும் சான்று உண்டு. பதினாறாம் நூற்றாண்டு பிரான்சிலே அம்புருவாஸ் பாரே என்றொருவன். நாவிதரிடம் தொழில் பழகியவன். லத்தீன் தெரியாதவன். குண்டுக் காயத்தில் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுவதுதான் அன்றைய ஏட்டு மருத்துவம். 1537இல் தூரின் போர்க்களத்தில் எண்ணெய் தீர்ந்துபோயிற்று. முட்டைக் கருவும் பன்னீர்ப்பூ எண்ணெயும் கற்பூரத் தைலமும் கலந்து தடவினான். மறுநாள் பார்த்தால், எண்ணெய் ஊற்றப்பட்டவன் துடிக்கிறான். தைலம் தடவப்பட்டவன் தூங்கி எழுகிறான்! கண்டதைத் தன் தாய்மொழியாம் பிரெஞ்சிலே எழுதினான். லத்தீன் பண்டிதர்கள் சீறினார்கள். நாவிதன் மகாமேதையாவதா, நாட்டு மொழியிலே நூலா என்று. இன்று அந்தப் பண்டிதர்களின் பெயர் யாருக்குத் தெரியும்? அறுவை மருத்துவத்தின் தந்தை என்று உலகம் கொண்டாடுவது பாரேயைத்தான்.

நம் நாட்டிலே என்ன நடந்தது? சவரக்கத்தி பிடித்த சமூகத்தவரே கட்டி கீறினர், புண் ஆற்றினர். அவர் வீட்டுப் பெண்களே மருத்துவச்சியாக ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் உலகுக்கு ஏந்தினர். ஊரே அவர்கள் கையிலே பிறந்தது. பிறந்த பிறகு அவர்களைத் தீண்டக் கூசியது! கை வேலை ஒரு சாதிக்கு, கல்வி மேடை இன்னொரு சாதிக்கு என்று கோடு கிழித்தார்கள். கையின் அறிவு ஏட்டுக்குப் போகாமல் செத்தது. ஏட்டின் அறிவு கைக்கு வராமல் துருப்பிடித்தது. அந்தக் கோட்டின் நிழல்தான், இன்றும் "நேர்வழியில் வந்தவனே ஆசான்" என்ற நினைப்பாக நம் கல்லூரி வாசலிலே நிற்கிறது.

இனி நம் கடற்கரைக்கு வருவோம். துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டு. அதை முடித்தவள் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணியாற்றலாம். பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. பட்டயம் பெற்றவள், பிறகு ஒரு பட்டப் படிப்பைத் தனியே முடிக்கலாம். பட்டம் பெற்றவள், ஓராண்டாவது பணி செய்துவிட்டு முதுநிலை படிக்கலாம். முதுநிலை முடித்தால் கல்லூரியிலே விரிவுரையாளர். ஆக, ஏணி இருக்கிறது. படிகளும் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு படிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி!

வேலையை விட்டுப் படிக்கப் போனால் வீட்டிலே அடுப்பெரியாது. வேலையிலேயே இருந்தால் படிப்புக்கு நேரமில்லை. தனியார் கல்லூரிக் கட்டணம் படகின் விலை கேட்கும். தம்பி படிப்பு, தங்கை திருமணம், கைக்குழந்தை, கடலுக்குப் போன கணவன் திரும்பிவரும் வரை உறக்கமில்லாத இரவு. இத்தனையும் தாண்டி நாற்பது வயதில் முதுநிலைப் பட்டத்தோடு வருகிறாள் ஒருத்தி. நேர்முகத்திலே அவளைக் கேட்கிறார்கள்: "இத்தனை ஆண்டு என்னம்மா செய்துகொண்டிருந்தாய்?"

என்ன செய்துகொண்டிருந்தாள்? சொல்கிறோம். கொட்டும் மழையிலே மீனவர் குடிசைக்கு நடந்து போய், நிறைமாதக் கர்ப்பிணியின் கால் வீக்கத்தைப் பார்த்து, "இது சாதாரண வீக்கமல்ல, இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு" என்று சொல்லி ஓர் உயிரை, இல்லை, ஈருயிரைக் காத்துக்கொண்டிருந்தாள். தடுப்பூசிக்கு அஞ்சிப் பிள்ளையை ஒளித்த பாட்டியிடம் அரைமணி நேரம் பேசி, ஊசியும் போட்டு, பாட்டியின் வாழ்த்தும் வாங்கிக்கொண்டிருந்தாள். இது பாடமில்லையா? இதைச் சொல்லித்தர எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கம் போதும்?

மருத்துவர்களுக்கு இந்த நியாயம் ஏற்கெனவே உண்டு. அரசுப் பணியிலே, சிற்றூரிலே உழைத்த டாக்டர்களுக்கு மேற்படிப்பில் இடம் ஒதுக்குவது தமிழ்நாட்டின் நெடுநாள் வழக்கம். டெல்லியிலிருந்து வந்த விதி அதற்குக் குறுக்கே நின்றது. வழக்கு நடந்தது. 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, பணியிலிருக்கும் மருத்துவர்க்கு இடம் ஒதுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. சிற்றூரிலே செலவிட்ட ஆண்டு குறையல்ல, தகுதி என்பதே இதன் பொருள். டாக்டரின் ஆண்டுக்கு இருக்கும் எடை செவிலியரின் ஆண்டுக்கும் வேண்டாமா? ஒரே வெயிலில், ஒரே மணலில் நடந்த கால்கள்தாமே இரண்டும்!

இன்னொன்றும் சொல்வோம். இந்தக் கரைக்கு எதிரே, கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணம். 1847இல் அமெரிக்காவிலிருந்து அங்கே வந்த டாக்டர் சாமுவேல் கிரீன், மானிப்பாயிலே மருத்துவ மாணவர்களுக்கு முதலில் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். பிறகு, 1860களில், தம் வழியைத் தாமே வளைத்துக்கொண்டார், தமிழுக்குத் திரும்பினார். உடற்கூறும் அறுவை மருத்துவமும் பிரசவ மருத்துவமும் தமிழ் நூல்களாயின. அவரிடம் பயின்று மருத்துவரானவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். கடல்கடந்து வந்தவருக்கே புரிந்தது, மாணவர் மொழியிலே சொன்னால்தான் பாடம் ஊருக்குப் போய்ச் சேரும் என்று! கரையிலே உழைத்து வந்த ஆசிரியைக்கு அந்த மொழி பிறவியிலேயே உண்டு. நோயாளி "உள்ளுக்குள்ளே என்னமோ பண்ணுது" என்றால் அதற்குள் எத்தனை நோய் ஒளிந்திருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும்.

"அப்படியானால் படிப்பே வேண்டாமா? பரீட்சையே வேண்டாமா? அனுபவம் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஆசானாகலாமா?" என்று திரித்துக் கேட்பவர்கள் கிளம்புவார்கள். நில்லுங்கள் நண்பர்களே! நாம் அப்படிச் சொல்லவில்லை. தச்சனாக இருந்த பிராண்ட், மருத்துவத்தைப் பழுதறக் கற்ற பிறகே கத்தியைத் தொட்டார். சக்கர நாற்காலியில் இருந்த மேரி வர்கீஸ், அயல்நாடு சென்று பயின்ற பிறகே துறைக்குத் தலைமை ஏற்றார். உழைத்தவர்கள் எல்லாருமே நல்லாசிரியர் ஆகிவிடுவதும் இல்லை, கற்பிக்கவும் கற்கவேண்டும். படிப்பைக் குறை என்று நாம் கேட்கவில்லை. படிக்க வழி விடு என்கிறோம். அளவுகோலைச் சுருக்கு என்று கேட்கவில்லை. அளவுகோலிலே அழிக்கப்பட்ட கோடுகளைத் திரும்பப் போடு என்கிறோம்.

கேட்பது இவைதாம். சிற்றூரில், தீவில், மலையில் செலவிட்ட பணியாண்டுகளுக்குச் செவிலியர் மேற்படிப்பு இடங்களிலும் ஆசிரியர் நியமனத்திலும் மதிப்பெண் கொடு. சம்பளத்தோடு படிப்பு விடுப்பை இன்னும் பலருக்கு விரித்துக் கொடு. அரசுக் கல்லூரிகளிலே பணியிலிருப்போர்க்கான இடங்களைப் பெருக்கு. கைக்குழந்தையோடு வருபவளுக்கு விடுதியும் குழந்தைக் காப்பகமும் அமை. 2023இல் தேசியச் செவிலியர், மருத்துவச்சியர் ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. அதன்கீழ் எழுதப்படும் விதிகளில், நேர்வழிக்காரர்களின் பேனா மட்டுமே ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. 2025 ஏப்ரலில் பாம்பனிலே புதிய ரயில் பாலம் திறந்தது. கல்லூரி வந்துவிட்டது, பாலம் வந்துவிட்டது. கடலுக்குப் பாலம் போடத் தெரிந்த நாடு, ஒரு செவிலியரின் பணிக்கும் படிப்புக்கும் நடுவே பாலம் போடமுடியாதா?

பெற்றோரே, உங்கள் மகள் இரண்டாண்டுப் படிப்போடு வேலைக்குப் போகிறாள் என்றால், படிப்பு முடிந்துவிட்டது என்று புத்தகத்தைப் பரணிலே போடாதீர்கள். தங்கையரே, ஐந்தாண்டு வீட்டிலே இருந்துவிட்டோமே, பத்தாண்டு ஊழியத்திலே கழிந்துவிட்டதே என்று கலங்காதீர்கள். காற்று எதிர்த்தது, பாயைச் சாய்த்தீர்கள், அவ்வளவுதான். கரை அங்கேயேதான் இருக்கிறது.

ஆட்சிப் பீடத்தில் இருப்போரே! செவிலியர் கல்லூரியிலே ஒரு நாற்காலி காத்திருக்கிறது. அதில் அமரவேண்டியவள் இந்நேரம், ஏதோ ஒரு துணைச் சுகாதார நிலையத்திலே, அழும் குழந்தையின் தொடையைத் தடவிக்கொடுத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு ஓர் ஓலை அனுப்புங்கள். படித்துவிட்டு வா, பாடம் சொல்ல வா என்று!